ஏழாவது படி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. புரோகிராம் எழுதப் புதிதாகச் சேருகிறவர்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன ஏற்ற வேண்டும் என்று கேட்டால், "அதான் எழுதி வச்சிருக்கேன்ல, கண்ணைத் திறந்து படிங்க" என்று எரிந்து விழுவாள். பதினோரு வருடமாக அதே குறிப்புதான்.

போன வாரம் அவளுடைய கம்ப்யூட்டரே மண்டையைப் போட்டது. புதியது வந்ததும், பொதுவில் வைத்திருந்த தன் குறிப்பைத் திறந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஆறு படிகள் மளமளவென்று முடிந்தன. ஏழாவதில், "பாஸ்வேர்ட் ஃபைல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளவும்" என்றிருந்தது.

வேறு வழியில்லாமல், போன மாதம் தன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட புதுப் பெண்ணிடம் போய் நின்றாள். "அந்த ஏழாவது படி ஃபைல் உன்கிட்ட இருக்காம்மா?"

"அதான் எழுதி வச்சிருக்கீங்களேக்கா!" என்றாள் புதுப் பெண். ஃபைலை அனுப்பிவிட்டுத்தான் சிரித்தாள்.