வேலை பெர்மனெண்ட்டா?

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போனால், எதுவும் நிலையில்லை என்று தமிழில் சொல்வார்கள். அதே ஆட்கள் பெண் பார்க்கப் போனால், வேலை பெர்மனெண்ட்டா என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள். பரளச்சிப் பக்கம் ஒரு சோலார் பிளாண்டில் நான் இன்ஜினியர். பேனல், இன்வெர்ட்டர், கேபிள் எல்லாம் என் பொறுப்பு. வேலை மட்டும் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அதைச் சொன்னேன்.

"பெர்மனெண்ட் இல்லைல்ல தாயி. கல்யாணத்தோட விட்ரலாம்ல?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

நான் மாப்பிள்ளையிடம், "உங்க வேலை பெர்மனெண்ட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். கேசரியை விழுங்கிவிட்டு, "நானும் கான்ட்ராக்ட்தாங்க," என்றார்.

"அப்ப ரெண்டு பேருமே விட்ருவமா?"

என் சித்தப்பா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"ஆம்பளைக்கு என்னம்மா, இது போனா இன்னொண்ணு," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எனக்கும் அப்பிடித்தான் அத்தை."

அவர்களிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. என் ஒப்பந்தம் இந்த வாரம் முடிகிறது. அடுத்த வருடத்துக்கும் கையெழுத்துப் போடப் போகிறேன். நிலையில்லாத வேலைதான். அதற்காக நானே ஏன் விட வேண்டும்?