வைரஸ் வராத வீடு

கல்யாணமாகிக் கடலூர் வந்தபோது புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். என் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு லினக்ஸில் அப்படியொரு கர்வம். செம்மங்குப்பம் கெமிக்கல் பிளான்டில் ஷிப்ட் முடித்து வந்ததும் டீயோடு பிரசங்கம் ஆரம்பமாகிவிடும். "விண்டோஸுங்கறது பூட்டே இல்லாம கட்டுன வீடு. நம்ம மிஷினுக்கு வைரஸே வராது."

நான் எம்.ஃபில். படித்த சிதம்பரத்தில் எனக்கு பிரின்ட் போட்டுத் தரும் கடைக்கார அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தார். "கூட்டம் இருக்குற எடத்துலதானம்மா பிக்பாக்கெட் வருவான்? நாளைக்கு எல்லாரும் லினக்ஸுக்குப் போனா அங்கயும் வருவான்." எனக்கு இரண்டுமே சரியென்றுதான் பட்டது.

எம்.ஃபில். ஆய்வேட்டை ஒப்படைக்கக் கடைசி நாள். அண்ணன் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் என் பென் டிரைவைச் செருகி ஃபோல்டரைக் கிளிக் செய்தார். திறக்கவில்லை. கம்ப்யூட்டர் திணறியது. அவர் முகம் மாறியது.

"வைரஸும்மா. இது ஃபோல்டரே இல்ல. ஃபார்மேட் அடிச்சிடறேன்."

ஆய்வேட்டு சீசனில் அவர் பழக்கம் அது. முதலில் டிரைவைத் துடைப்பார், பிறகுதான் பேச்சு.

 வீட்டில் இன்னொரு பிரதி இருந்தது. ஆனால் யுனிவர்சிட்டி ஆபீஸ் மூடுவதற்குள் கடலூர் போய்த் திரும்ப முடியாது. மாமாவுக்குப் போன் அடித்தேன். பிளான்டுக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், எங்கேயோ லாக்கரில் அடித்து ஓய்ந்தது. அண்ணனின் கை மவுஸுக்குப் போனது.

"கை வைக்காதீங்கண்ணே!" கத்தியே விட்டேன்.

காலையில் வீட்டு லினக்ஸில் பார்த்தபோது ஒரே பெயரில் இரண்டு கிடந்தன. ஒன்று என் ஃபோல்டர், இன்னொன்று ஏதோ குப்பை என்று விட்டிருந்தேன். இங்கே திரையில் ஒன்றுதான் தெரிந்தது. அப்படியானால் அந்தக் குப்பைதான் வைரஸ்; விண்டோஸில் அசலை ஒளித்துவிட்டுத் தான் ஃபோல்டர் வேஷம் போட்டிருக்கிறது, அசல் அழியவில்லை. கீபோர்டை இழுத்து, மேலே முகவரிக் கட்டத்தில் ஃபோல்டரின் பெயரை நானே தட்டினேன். அவசரத்தில் ஒருமுறை தப்பானது. மறுமுறை திறந்துகொண்டது. எல்லா அத்தியாயங்களும் இருந்தன. அழுகை வந்துவிட்டது.

"போன வாரம் பென் டிரைவ ஒங்க மிஷின்லதான் போட்டேன், வைரஸ் இங்கேருந்துதாண்ணே வந்துருக்கு" என்றேன். அண்ணன் பேப்பரை எடுத்து பிரின்டரில் வைத்தார். மூடப்போன ஆபீஸுக்குள் ஓடி ஒப்படைத்தேன்.

வீட்டுக்கு வந்து, அந்த வைரஸ் ஒரு வாரமாக நம் கம்ப்யூட்டருக்கும் போய் வந்திருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? ஒரு வாரம் கூடவே இருந்தும் நம்ம மிஷினுக்கு ஒண்ணும் ஆவல."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஆவலதான் மாமா. என் படிப்பு என்னாச்சின்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"