பெருநாளுக்கு ஆள் நின்ற கணக்கு

“ஞாயிறு. நோன்பு இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் நாளை, தெரியாவிட்டால் செவ்வாய். எதுவானாலும் அவள் மேசைக்கு நான்.”

என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் வரிகள் இவை. எழுதிய அன்று பேனா மை திட்டுத் திட்டாக வந்தது என்பதையும் ஓரத்தில் குறித்திருக்கிறேன். அது என் பழக்கம்.

மலேசியாவில் லகாட் ஊருக்கு அருகே கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி கட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. இயந்திரங்களுக்குப் பண்டிகை கிடையாது என்பதால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. தீபாவளிக்கு எனக்குப் பதிலாக அடுத்த மேசைக்காரி நிற்பாள். அவள் தமிழ் முஸ்லிம், பாகான் டத்தோ ஊர்க்காரி. நோன்புப் பெருநாளுக்கு அவளுக்குப் பதிலாக நான். மற்றவர்களும் இப்படித்தான், சீனப் பெருநாள் உட்பட. யாரும் யாரிடமும் எழுதி வாங்கியதில்லை. நான் மட்டும், கேட்காமலே, நாளும் பெயருமாக எழுதிவைத்தேன்.

பிறகு விடுப்புக் கேட்கக் கைப்பேசிச் செயலி வந்தது. விடுப்புக்குப் பதினான்கு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், ஆள் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அவளுடையது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம். சொல்லாமல் ஒருநாள் வராவிட்டாலும் புதுப்பிக்க மாட்டார்கள். நாள்காட்டியில் பெருநாள் செவ்வாய் என்று அச்சிட்டிருந்ததால் செவ்வாய்க்கு விண்ணப்பித்தாள். கிடைத்தது.

ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். உடனே அவளிடமிருந்து அழைப்பு.

“அண்ணே, பிறை தெரிஞ்சிருச்சாம்லா. நாளைக்கே பெருநாள்!”

“லீவை மாத்திப் பார்த்தியா?”

“சிவப்பாவே வருது. பிறை என்ன, பதினாலு நாளைக்கு முந்தியே அப்ளை பண்ணிட்டா வரும்?”

“நீ ஊருக்குக் கிளம்பு. நான் நிக்கிறேன்.”

திங்கள் எனக்கு ஓய்வுநாள். ஆறு ஐம்பத்திரண்டுக்கு வாசலில் முகம் பார்க்கும் இயந்திரத்தின் முன் நின்றேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அதன் பெயர் பெரட்டு. விடியலில் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணுவார்களே, அதே பெரட்டு. என் முகத்தை ஏற்றுக்கொண்டு கதவு திறந்தது. மேற்பார்வையாளரான சீன அம்மா என்னைப் பார்த்தார், காலி மேசையைப் பார்த்தார், ஒரு கட்டு அட்டைப்பெட்டிகளை அதன்மேல் வைத்தார். பன்னிரண்டு மணி நேரம் நின்றேன்.

புதன்கிழமை, விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. முன் அனுமதியின்றி வராதது குற்றமாம். நானே அலுவலகத்துக்குப் போனேன். எச்.ஆரில் இருப்பவர் நம் பிள்ளைதான், என் மகன் வயது.

“அண்ணே, நீங்க வந்தது வேற விஷயம். அவங்க வராதது வேற விஷயம்.”

“மேசையில ஆள் இருந்துச்சு, வேலை நடந்துச்சு. அப்புறம் என்ன வேற?”

“சிஸ்டம் அப்படி ஏத்துக்காதுண்ணே.”

இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை என்று காட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தேன். என் வாழ்நாளில் செய்த பெரிய முட்டாள்தனம் அது. பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

“அடேங்கப்பா, மொத்த செக்‌ஷனும் இருக்கே! போன சீனப் பெருநாளுக்கு யாருக்கு யாரு நின்னாங்கன்னுகூட எழுதியிருக்கீங்க.” கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனார்.

பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்தேன். “இது என் புத்தகம்.”

“கம்பெனியில நடந்தது கம்பெனி ரெக்கார்டுண்ணே. இதைக் குடுத்துட்டுப் போங்க, அவங்க கேஸை நான் பார்த்துக்கறேன்.”

“கம்பெனி ரெக்கார்டுன்னா கம்பெனிதானே எழுதியிருக்கணும்? இத்தனை வருசம் எழுதினவன் நான்.”

நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் படிக்கட்டில் காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஒருத்தியைக் காப்பாற்ற எல்லோரையும் காட்டிக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்றேன்.

“என் பேரு எத்தனை பக்கத்துலண்ணே வருது?”

“முப்பத்தொண்ணு.”

“அப்ப நல்லா மாட்டியிருப்பேன்,” என்று சிரித்தாள். பிறகு, “குடுத்திறாதீங்க. வேலை போனா வேற பார்ப்போம்,” என்றாள். குரலில் சிரிப்பு இல்லை.

அன்று மாலையே ஒரு கடிதம் எழுதினேன். நான் கட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் என் எண் முத்திரை விழும். திங்களன்று அவள் மேசையிலிருந்து போன பெட்டிகள் எல்லாவற்றிலும் என் முத்திரை இருக்கிறது. வேலை நின்றதென்றால் அந்தப் பெட்டிகளைக் கட்டியது யார் என்று நிர்வாகம் விளக்கட்டும் என்றேன். பெருநாள் எப்போது என்பதைப் பிறைதான் முடிவு செய்யும், எந்தச் செயலியும் அல்ல என்றும் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லைப் போடவில்லை. போடச் சொல்லி மேற்பார்வையாளர் அம்மா ஆள் அனுப்பியும் போடவில்லை.

கடிதத்தைத் தொழிற்சாலை உணவக மேசையில் வைத்தேன். விருப்பமுள்ளவர்கள் கீழே கையெழுத்திட்டார்கள். ஒருவர் போட்டுவிட்டு, யோசித்து, அடித்துவிட்டார். அவருக்கு நான்கு பிள்ளைகள். யார் போடவில்லை என்பதை நான் குறித்து வைக்கவில்லை. எதையும் குறிக்காமல் விடாத எனக்கு அது புதிது.

கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். பதில் வரவே இல்லை. ஒப்பந்தம் முடியும் வாரத்தில் அவளுக்குப் புதுப்பித்த தாள் வந்தது. அதில் அந்தத் திங்களைப்பற்றி ஒரு சொல் இல்லை. ஆள் மாற்றக் கூடாது என்ற அறிவிப்பு பலகையில் இன்னும் இருக்கிறது. அந்தத் தீபாவளிக்கு என் மேசையில் அவள் நின்றாள். இன்றுவரை மாற்றிக்கொள்கிறோம். இன்றுவரை எழுதுகிறேன், ஆனால் தேதியை மட்டும். பெயர்களை நான் தலையில் வைத்திருக்கிறேன், அங்கே யாரும் படம் பிடிக்க முடியாது.

அந்தத் திங்கட்கிழமை அவள் கோப்பில் ‘வரவில்லை’ என்றுதான் இன்னும் இருக்கிறதா, நீக்கிவிட்டார்களா என்பது தெரியவில்லை. நீக்கிவிட்டதாக யாரோ சொன்னார்கள் என்கிறாள். யார் என்று கேட்டால் நினைவில்லை என்கிறாள். கோப்பை நான் பார்க்கவில்லை. இதை உறுதி செய்யப்படாத தகவலாகவே பதிகிறேன்.