உப்பில்லாத கிணறு

எங்கள் ஒழுங்கையில் தண்ணீரைப் பற்றிக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். உப்பா, நல்லதா?

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். நாவற்குடாவில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். ஆனால் எப்படிப்பட்ட தண்ணீர் வரும் என்று தோண்டுகிறவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோறாக்கினால் சோறு மஞ்சளாகிவிடும். எதிர்வீட்டுக் கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காது. எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணீர்க் கிணறு. தேநீர் போட்டால் சாயம் சிவப்பாக இறங்கும். ஒழுங்கை முழுவதும் குடிக்க எங்கள் கிணற்றில்தான் அள்ளியது.

குழாய்த் தண்ணீர் வந்து சில வருடங்களாகின்றன. எல்லா வீட்டு வாசலிலும் மீற்றர் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் குளிப்போம், உடுப்புத் துவைப்போம், பூமரங்களுக்கு விடுவோம். குடிக்க மாட்டோம். மருந்து மணக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் மணத்தது.

தண்ணீர் அள்ள வருகிறவரை எங்கள் பக்கத்தில் யாரும் மறிப்பதில்லை. கோபமாக இருக்கிற வீட்டார் வந்தாலும் அள்ளிக்கொண்டு போகலாம். கேட்கத் தேவையில்லை, முகம் பார்க்கவும் தேவையில்லை. எங்கள் படலையைச் சும்மா சாத்திவைப்போம், பூட்டுவதில்லை. எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. நான் ஆட்களோடு பேசக் கூச்சப்படுகிறவள். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் எழும்பிச் சொல்ல மாட்டேன். இந்த வயதிலும் கலியாண வீட்டுக்குப் போனால் குசினிப் பக்கம்தான் நிற்பேன். ஆனால் பொழுது சாயும் நேரம் கிணற்றடிக்கு நாலு பேர் வந்து, அவர்களே பேசி, அவர்களே சிரித்துவிட்டுப் போவார்கள். நான் சும்மா நின்றால் போதும்.

போன மாரியில் வெள்ளம் வளவுக்குள் வந்தது. படிக்கட்டு வரை ஏறிவிட்டு வற்றியது. கிணற்றின் கட்டு உயரமானபடியால் அதற்குள் வெள்ளம் விழவில்லை. எங்கள் கிணறு தப்பியது என்று சந்தோஷப்பட்டோம். பிறகு சுகாதாரப் பரிசோதகர் ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து, ஒழுங்கையில் எல்லாரும் குடிக்கிற கிணறு எது என்று விசாரித்து, எங்கள் கிணற்றிலிருந்து ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்.

இன்னொரு நாள் அவரே திரும்பி வந்தார்.

"அம்மா, இந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கேலா."

"உப்பில்லையே ஐயா," என்றேன். எனக்கு வாயில் வந்தது அதுதான்.

"உப்பில்லதான். இது வேற. மலத்தில இரிக்கிற கிருமி தண்ணிக்குள்ள இரிக்கு."

நான் நிலத்தைப் பார்த்தேன். ஓர் ஆண் ஆளின் முன்னால் நின்று கேட்கிற சொல்லா அது?

அவர் கிணற்றுக் கட்டில் கைவைத்து, வேலிக்கு மேலால் சுற்றிவரப் பார்த்தார். "அந்த வீட்டுக் குழி அங்க. இந்த வீட்டுக் குழி மதிலோட. உங்கட கக்கூசுக் குழி எங்க?"

முருங்கை மரத்துக்குப் பின்னால் என்று கையைக் காட்டினேன்.

"எல்லாம் மணல் அம்மா. மணலுக்குள்ளால தண்ணி நடந்து திரியும். வெள்ளம் மேலால வந்து விழ வேணுமெண்டு இல்ல."

அவர் சொன்ன பிறகுதான் நானும் சுற்றிவரப் பார்த்தேன். நான் சின்னவளாக இருந்தபோது இந்த ஒழுங்கையில் ஒரு வளவில் ஒரு வீடுதான். பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்படிக் கொடுத்துக் கொடுத்து ஒரு வளவு மூன்றாகிவிட்டது. வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று சாத்திரியிடம் கேட்டோம். அத்திவாரத்துக்கு நாள் பார்த்தோம். குழியை எங்கே வெட்டுவது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மிஞ்சிய மூலையில் வெட்டினோம். ஒரு வீட்டின் மூலை அடுத்த வீட்டின் கிணற்றடி.

"சின்னப் பிள்ளையள் இந்தத் தண்ணி குடிக்கிறாங்களா?" என்று அவர் கேட்டார்.

எதிர்வீட்டுக் குழந்தை உடனே நினைவுக்கு வந்தது. தாய் இளம் பெண். கணவர் கட்டாரில். குழந்தை தவழத் தொடங்கியிருந்தது. தாய்ப்பால் போதாமல் பால்மாதான் கரைத்துக் கொடுத்தாள். தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர். குழந்தைக்குக் கொஞ்ச நாளாக வயிற்றால் போவதும் நிற்பதுமாக இருந்தது. பல் முளைக்கிறது, அதுதான் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள்.

"குழாய்த் தண்ணிய எடுத்து நல்லாக் கொதிக்க வச்சு ஆறவிட்டுக் குடுக்கச் சொல்லுங்க," என்றார் ஐயா. "நானும் வீடு வீடாச் சொல்லுவன். இண்டைக்கு வேற ஒழுங்கையளுக்கும் போகணும். அள்ள வாறவங்களுக்கு நீங்க சொல்லிடுங்க."

அவர் போன பிறகு என் கணவர் கயிற்றையும் வாளியையும் கழற்றி, கிணற்றின் மேல் தகரமொன்றைப் போட்டு, கல்லும் வைத்தார். பிறகு வலையை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போய்விட்டார். சொல்கிற வேலை எனக்கு.

முதலில் வந்தவ பக்கத்து வீட்டு அக்கா. என்னைவிட மூத்தவ. வாயும் பெரிது.

"என்னகா இது, கிணத்துக்குக் கூரை போட்டிரிக்கு? கிணறு நனைஞ்சிருமெண்டா?"

"தண்ணி சரியில்லையாம் அக்கா. ஐயா வந்து சொன்னவர்."

"எந்த ஐயா? போத்தலோட வந்தவரா? அவர் கடையில தண்ணி வாங்கிக் குடிக்கிற ஆள், அவருக்கு நம்மட தண்ணிர ருசி தெரியுமா? நான் பிறந்ததில இரிந்து இதத்தான் குடிக்கன். நாலு பிள்ள பெத்தன். ஒண்டுக்கும் ஒரு காய்ச்சல் வரல்ல."

குழி என்ற சொல் எனக்குத் தொண்டை வரை வந்தது. அவவுடைய குழியும் அதில் ஒன்று. அதை எப்படிச் சொல்வது?

"கிருமியாம் அக்கா," என்று மட்டும் சொன்னேன்.

"தர மனமில்லாட்டி நேர சொல்லுகா. மறுகா மீற்றரும் பூட்டுவாய் போல." அவ வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி போனா. பொழுது படுவதற்குள் நாங்கள் தண்ணீரை மறித்துவிட்டோம் என்று ஒழுங்கைக்கே தெரிந்துவிட்டது. பிறகு யாரும் வரவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணும் வரவில்லை. அடுத்த நாள் காலையில் என்னைக் கண்டும் காணாததுபோல் கடைக்குப் போனாள். வழமையாக "மாமி" என்று ஒரு குரல் தருவாள். மனம் வருந்தினாலும், இனிக் குழாய்த் தண்ணீர்தானே எடுப்பாள் என்று ஆறுதலாக இருந்தது. போய்ச் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து தப்பிவிட்டதாகவும் நினைத்தேன்.

அன்று மத்தியானம் நான் சந்தைக்குப் போய் வந்து பார்த்தால், கிணற்றுத் தகரம் விலகிக் கிடந்தது. கட்டைச் சுற்றி ஈரம். குடத்திலிருந்து சிந்திய தண்ணீர் படலை வரை புள்ளி புள்ளியாகப் போய், ஒழுங்கையைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் முடிந்தது. தன் கயிற்றைக் கொண்டுவந்து அள்ளியிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் அது களவு இல்லை. ஆனால் உள்ளே இருந்து குழந்தையின் அழுகை கேட்டது. சத்தமாக அழுகிற பிள்ளை அது. அன்றைக்கு முனகுவதுபோல் அழுதது.

வாசலில் நின்று கூப்பிடத் தொடங்கினால் கூச்சத்தில் திரும்பிவிடுவேன் என்று தெரியும். சந்தைப் பையோடு நேரே அவளுடைய குசினிக்குள் போனேன்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் கரைத்துக்கொண்டிருந்தாள். பால் போத்தலுக்குள் மாவைப் போட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து பாதி ஊற்றிக் குலுக்கினாள். பிறகு குடத்துக்குள் கோப்பையை விட்டு அள்ளி மீதியை நிரப்பினாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான். தண்ணீரைக் கொதிக்க வைப்போம், பிறகு குடிக்கிற பதத்துக்குக் கொண்டுவரப் பச்சைத் தண்ணீரைக் கலப்போம். தேநீரும் அப்படித்தான் ஆறும்.

"அதக் குடுக்காத புள்ள," என்றேன்.

அவள் திரும்பினாள். "தண்ணிக்கா வந்தீங்க மாமி? குடம் அந்தா இரிக்கு. கொண்டு போங்க."

"அதுக்கில்ல புள்ள. தண்ணி..." அதற்கு மேல் வரவில்லை. குழந்தை இரண்டு கையாலும் போத்தலை இழுத்தது. அவள் அதன் வாயருகே கொண்டுபோனாள். நான் பையைக் கீழே போட்டுவிட்டு அந்தப் போத்தலைப் பறித்தேன்.

குழந்தை கத்தியது.

"மாமி! என்ன புடிச்சிரிக்கு உங்களுக்கு? பசியில கிடந்து துடிக்காள்!"

"கக்கூசுக் குழித் தண்ணி புள்ள இது. மணலுக்குள்ளால கிணத்துக்கு வருகுதாம்."

சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"எங்கட குழியத்தானே சொல்லுறீங்க? அவர் காசு அனுப்பிக் கட்டின புதுக் கக்கூசு. அதுதானே எல்லாருக்கும் கண்ணில குத்துது."

"என்ட குழியும்தான். அக்காட குழியும். எல்லாற்றையும்தான்."

"கொதிச்ச தண்ணியிலதானே மாமி கரைச்ச."

"பாதிதானே கொதிச்ச தண்ணி."

அவள் குடத்தைப் பார்த்தாள். பிறகு போத்தலை என் கையிலிருந்து வாங்கிக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். அடுப்பை நான் மூட்டினேன். கேத்திலில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

தண்ணீர் கொதிக்கிற நேரத்தைவிட ஆறுகிற நேரம் நீளம். அதை அன்றைக்குத்தான் அறிந்தேன். கொதித்த தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி மூடி, பேசினுக்குள் தண்ணீர் விட்டு அதில் வைத்தோம். அவள் பழைய கலண்டர் மட்டையால் விசிறினாள். குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போனது.

"ஆறினது காணுமா மாமி?"

தொட்டுப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம்."

"ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணி விட்டா இப்ப குடுக்கலாம்," என்றாள். என்னிடம் சொன்னதுபோலவும் இல்லை, குடத்திடம் சொன்னதுபோலவும் இல்லை. பிறகு எழும்பிப் போய் அந்தக் குடத்தை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

பால் கரைத்துக் கொடுத்தோம். குழந்தை பாதி குடித்து, விக்கி விக்கி நித்திரையானது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

சரியாகவில்லை. குழந்தையின் வயிற்றுக்குள் கிருமி முன்பே போய்விட்டது. விடிந்ததும் அவள் ஒழுங்கையில் நின்று "மாமி, மாமி" என்று கூப்பிட்டாள். குழந்தையின் கண் குழிவிழுந்து, தலை துவண்டு கிடந்தது. ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கையில் நரம்பு பிடிபடாமல் காலில் குத்திச் சேலைன் ஏற்றினார்கள். அவள் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றாள். காலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

"என்ன தண்ணி குடுத்தது?" என்று டொக்டர் கேட்டார்.

"நல்ல தண்ணி," என்றாள் அவள். உடனே தலையை ஆட்டிவிட்டு, "கிணத்துத் தண்ணி," என்றாள்.

டொக்டர் அதை எழுதிக்கொண்டார். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றார். பிள்ளைக்குச் சலம் போகிறதா, துணி நனைகிறதா என்று கவனமாகப் பார்க்கச் சொல்லி, போனால்தான் பிள்ளை தேறுகிறது, உடனே தாதி மிஸ்ஸியிடம் சொல்லுங்கள் என்றார். போகாவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

காலை போனது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. கட்டாரிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"என்ன சொல்லுற மாமி அவருக்கு?"

"பிள்ள நித்திர எண்டு சொல்லு."

"எத்தின நாள் நானே கலந்து கலந்து குடுத்தன் மாமி."

முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்று அவளை அனுப்பினேன். சேலைன் வயர் இழுபடாமல் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பாரமே இல்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் மடியில் சூடாக ஏதோ பரவியது. முதலில் சேலைன்தான் கழன்றுவிட்டது என்று பயந்து வயரைப் பார்த்தேன். அது அப்படியே இருந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். என் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

மிஸ்ஸி பிள்ளைகள் விடுதியின் அந்தக் கடைசித் தொங்கலில், ஜன்னலோரக் கட்டிலருகே நின்றா. நடுவில் எத்தனையோ தாய்மார், பார்க்க வந்தவர்கள், அவர்களோடு வந்த ஆண்கள். பிள்ளையை வைத்துவிட்டு எழும்பிப் போகவும் ஏலாது.

"மிஸ்ஸி!" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "மிஸ்ஸி, பிள்ள சலம் போயிட்டாள்!"