பக்கத்து சீட்டில் காலமானவர்

காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சூப்பர்வைசர் அண்ணன் படத்தோடு "காலமானார்" என்று செய்தி வந்தது.

அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

வரிசையாகக் கைகூப்பிய படங்கள் வந்து விழுந்தன. அண்ணன் பதறிப்போய், "நான் உயிரோடதான் கீறேன்" என்று எழுதினார்.

"செத்தவரு போன்ல யார்பா விளையாடறது?" என்று அதட்டி, அட்மின் அவரைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்.

"இல்லண்ணா, என் பக்கத்துலதான் கீறாரு" என்று நான் எழுதினேன். என்னையும் தூக்கிவிட்டார்.

அட்மின் இருந்தது எங்களுக்கு முன் சீட்டில். இறங்கும்வரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஒருத்தன்கூட போன் பண்ணி கேக்கல பாத்தியா" என்று அண்ணன் என் கையைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்று இருந்தது.

நாளைக்கு என் படம் வந்தால், கைகூப்பும் முன் ஒரு போன் போடுங்கள். எடுக்கிறேனா பார்ப்போம்.