ஞாயிற்றுக்கிழமை வராத வெளிச்சம்

பொங்கலுக்கு ஊர் ஊராகச் சுற்றிவந்த களைப்பில், இனி ஒரு மாதத்துக்கு எங்கேயும் கிளம்புவதாக இல்லை என்று வீட்டில் அறிவித்திருந்தேன். மறுநாளே தேவி போன் செய்தாள். காலேஜ் ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி. ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் குமாருக்கு அங்கே சொந்தமாக இரண்டு ஏக்கர் நெல் நிலம்.

"சுமி, நீதான் ஊரு ஊரா சுத்திக்கினு பிளாக் எழுதுறியே. இங்க வானத்துல ஒண்ணு தெனமும் வந்து மின்னுது. வந்து பாரேன்" என்றாள்.

"ராக்கெட்டா இருக்கும்டீ" என்றேன். ஸ்ரீஹரிகோட்டா அவர்களுக்குக் கூப்பிடு தூரம்.

"ராக்கெட்டப் பத்தி எனக்கே சொல்றியா? மாடியில துணி காயப் போட்டுக்கினே பாக்குறவடி நான்" என்று சிரித்தவள், அடுத்த நிமிடம் குரலைத் தாழ்த்தினாள். "அதப் பாத்துட்டு இவரு நடவே வேணாம்னு உக்காந்துட்டாரு. நாத்து முத்திக்கினு போவுது. ஒரே பேஜாரா கீது."

வானத்தில் மின்னுவதற்கும் நெல் நடவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன். வீட்டில் என் அறிவிப்பை யாரும் நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சென்ட்ரலில் காலை ஆறு மணி வாக்கில் சூலூர்பேட்டை லோக்கல். டிக்கெட் பதினைந்து ரூபாய். கும்மிடிப்பூண்டி வரை நிற்க இடமில்லை. எல்லாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள், தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா. கும்மிடிப்பூண்டியில் மொத்த ரயிலும் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் கால் நீட்டி உட்கார்ந்து இரண்டு பக்கமும் வயல் பார்த்துக்கொண்டே போனேன். எட்டு மணிக்கு முன்னால் ஆரம்பாக்கம்.

ஸ்டேஷனிலிருந்து தேவியின் ஊர் நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய். டிரைவரிடம் வானத்து சமாச்சாரத்தைக் கேட்டேன். "அதுவாம்மா? ராக்கெட்டும்மா" என்றார், தலையைக்கூடத் தூக்காமல். தினமும் ஒரு ராக்கெட்டா என்றேன். "இன்னாமோ வுடுறாங்க. நம்ம இன்னாத்துக்கு மேல பாத்துக்கினு வண்டி ஓட்டணும்?" அந்தப் பக்கத்தில் மேலே எது தெரிந்தாலும் அது ராக்கெட் கணக்கில் போய்விடுகிறது. உலகமே வாய் பிளந்து பார்க்கிற ஒன்றை இவர்கள் பால்காரர் சைக்கிள் மாதிரி எடுத்துக்கொண்டு வாழ்வதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

தேவி வீட்டில் நாஷ்டாவுக்கு இட்லி, வடகறி. முதல் இட்லியைப் பிட்டதுமே குமார் விஷயத்துக்கு வந்தார்.

"அது ட்ரோன்கா. சர்வே எடுக்குறாங்க. போன வருசம் பக்கத்து ஊர்ல இப்டித்தான். மொதல்ல ட்ரோன் வுட்டாங்க. அப்பால கல்லு நட்டாங்க. அப்பால கம்பெனிக்கு நெலம் வேணும்னு நோட்டீசு. நான் இப்ப செலவு பண்ணி நட்டு வச்சி, நாளைக்கு பொக்லைன் வந்து ஏறுனா?"

அதோடு ஒரு புரோக்கர் வேறு வந்து போயிருக்கிறார். இப்போதே விற்றால் டப்பு கையில், தாமதித்தால் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான் என்று பயமுறுத்தியிருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்வதாகக் குமார் ஒப்புக்கொண்டிருந்தார். அதாவது, இன்னும் இரண்டு நாளில் நிலம் கைமாறப் போகிறது. தேவி சட்னிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற எதுனாவா இருந்தா?" என்று இழுத்தேன்.

"ஞாயித்துக்கெழம மட்டும் வர்றதில்லக்கா. கவர்மெண்டு லீவு இல்ல? இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

உண்மையைச் சொல்கிறேன், நானும் பாதி நம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கிற வெளிச்சம் என்றால் அது ஆபீஸ்காரர்களுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

ஒன்பதே முக்காலுக்கு வரப்பில் நின்றோம். மூலையில் நாற்றங்கால், தளதளவென்று இருக்க வேண்டிய பச்சை கொஞ்சம் மஞ்சள் தட்டியிருந்தது. தெற்கே வயல் எல்லையில் ஒரு பனைமர வரிசை. அதற்கு நேர் மேலே, சுத்தமான நீலத்தில், வெள்ளித் தட்டைத் திருப்பிக் காட்டியது போல் ஒன்று பளிச்சென்றது. பிறகு காணவில்லை. இருந்த சுவடே இல்லை. சில நொடிகளில் அதே இடத்தில், கொஞ்சம் உயரத்தில், மறுபடி பளிச். சத்தமே இல்லை. எவ்வளவு அழகு என்று சொல்ல வாயெடுத்தேன். குமார் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். போனில் ஜூம் செய்து பார்த்தேன். இட்லித் துணியில் ஒட்டிய பருக்கை மாதிரி ஏதோ விழுந்திருந்தது.

குமார் ஒரு கழியை எடுத்துக்கொண்டு ரோட்டோர வரப்பில் போய் நின்றார். தினமும் இப்படித்தானாம்.

"கிட்ட போய்ப் பாத்தீங்களா?"

"நான் போய்ட்டா இங்க கல்லு நட்டுட மாட்டானுங்க?"

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அது மின்னுகிற நேரமெல்லாம் மனிதர் வயலைக் காத்துக்கொண்டே நின்றிருக்கிறார். ஒரு நாள்கூட அதை நோக்கி நடந்ததில்லை.

தேவி அவர் கையிலிருந்து கழியை வாங்கிக்கொண்டாள். "நான் நிக்கிறேன். எவன் வர்றான்னு பாக்குறேன். நீ போய்யா" என்றாள். அந்தக் குரலை ஹாஸ்டல் மெஸ் தகராறுகளில் கேட்டிருக்கிறேன். குமார் மொபெட்டைக் கிளப்பினார்.

நான் பின்னால் உட்கார்ந்தேன். பனைமரங்களைத் தாண்டினோம், அது இன்னும் எங்களுக்கு முன்னால்தான் இருந்தது. அடுத்த ஊரைத் தாண்டினோம், அப்போதும் முன்னால்தான். "நம்ம நெலத்து மேல இல்லியேக்கா" என்றார் குமார், பாதி சந்தோஷமும் பாதி சந்தேகமுமாக. ஹைவேயில் லாரிகளின் புழுதியை வாங்கிக்கொண்டு, பிறகு தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பும் ரோட்டில் போய், ஓர் இரும்பு உருக்காலை வாசல் டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். ஏழு கிலோமீட்டர் வந்திருந்தோம். என் இடுப்பு பதினைந்து என்றது.

தலையைத் தூக்கினேன். உருக்காலையின் தகரக் கூரைக்கு நேர் மேலே, கூழைக்கடாக்கள். ஐம்பதுக்குக் குறையாது. ஏரியில் தொப்பென்று உட்கார்ந்திருக்குமே, அந்தக் கனத்த பறவைகள். ஒன்றுகூட இறக்கை அடிக்கவில்லை. விரித்தது விரித்தபடி, பெரிய வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே போய்க்கொண்டிருந்தன. வட்டத்தின் ஒரு பக்கத்தில் எல்லாம் சேர்ந்து திரும்பும்போது வெயில் பட்டு மொத்தக் கூட்டமும் வெளுத்தது. மறுபக்கம் போனதும் மெல்லிய கோடுகளாகிக் கரைந்தது. நான் நின்ற இடத்தில் நின்று கண்ணீர் விட்டேன். கழுத்து வலியால் என்று குமாரிடம் சொன்னேன்.

டீ குடித்துக்கொண்டிருந்த நீலச் சட்டைக்காரர் ஒருவர், அந்த ஆலைத் தொழிலாளி, எங்களைப் பார்த்துச் சிரித்தார். "தெனமும் வரும் மேடம். ஃபர்னஸ் சூடு மேல ஏறுது இல்ல, அதுல ஏறிக்கினு போவுது, லிஃப்ட்டு மாதிரி. அப்டியே ஏரிப்பக்கம் போய்டும். ஃபர்னஸ் நிறுத்துனா ஒண்ணும் வராது."

"ஃபர்னஸ் எப்ப நிறுத்துவீங்க?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம."

குமார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் மனம் அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. "இது பறவைதான்கா. நான் பாத்தது இதுதான்னு எப்டி சொல்றது?" நியாயமான கேள்வி. நிலம் அவருடையது. தேவிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். "நீ வானத்தப் பாத்துக்கினே இரு. மின்னும்போது சொல்லு, வேற எதுவும் பேசாத" என்றேன்.

கூட்டம் மெதுவாக வளைந்தது. திரும்பியது. வெளுத்தது.

"மின்னுது" என்றாள் தேவி.

கோடுகளாகிக் கரைந்தது.

"காணோம்."

மறுபடி வெளுத்தது. "மின்னுது." ஐந்தாறு சுற்று இப்படியே. பறவை திரும்பும், போனிலிருந்து தேவி சொல்வாள். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எங்களோடு அண்ணாந்து நின்றார்கள். குமார் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு போனுக்கு அருகே குனிந்து, "தேவி, நடவு ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்பு. நாளைக்கே நாத்து பிடுங்கிடலாம்" என்றார். "மின்னுதுயா" என்றாள் தேவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

போக நினைப்பவர்களுக்கு: பொங்கலை ஒட்டிய குளிர்மாதங்களில், வானம் தெளிவாக உள்ள நாளில் போங்கள். ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் பார்க்கலாம். வெயில் ஏறாமல் அவை ஏறுவதில்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ உண்டு, இருபது ரூபாய். ஆலை வாசலில் கேமராவை நீட்டி செக்யூரிட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். தொப்பி, தண்ணீர் அவசியம். நான் மறந்த பைனாகுலரை நீங்கள் மறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்.

குமார் பயந்ததை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து ஊரில் நடந்தது நடந்ததுதான். மத்தியானம் அவர் என்னை ஸ்டேஷனில் விட்டபோது, மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன். "நெசமாவே ஒரு நாள் ட்ரோன் வந்துட்டா?"

வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "வரட்டும்கா. வந்தா, பயிர் நிக்கிறதப் படம் புடிச்சிக்கினு போவட்டும்."