பூட்டும் முன் ஒரு குரல்

எலெக்ஷனுக்காக மதியத்தோடு பாரை மூடச் சொல்லி உத்தரவு. சீல் வைக்கக் கலால் ஆபீசர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களைப் பார்த்தாலே எங்கள் முதலாளிக்கு வியர்க்கும். "சீக்கிரம் பூட்டுய்யா! இன்னாய்யா பண்ற?" என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

கிருமாம்பாக்கத்தில், கடலூர் ரோட்டை ஒட்டி, பிரெஞ்சுக்காரன் காலத்து பேங்க் கட்டடத்தில் இருந்த பப் அது. நான் மேனேஜர். பழைய கேஷ் கவுன்டர்தான் பார் கவுன்டர். ஸ்ட்ராங் ரூமுக்கு ஏ.சி. போட்டு, பீரைக் குளிர வைக்கும் கோல்ட் ரூம் ஆக்கி, பீர் பேரல்களையும் பீருக்கு நுரை ஏற்றும் கேஸ் சிலிண்டர்களையும் வைத்திருந்தோம். அந்த இரும்புக் கதவைச் சாத்தினால் உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது.

கட்டடத்தோடு சேர்ந்து எங்களுக்கு வந்தவர் வாட்ச்மேன் அந்தோணி. பூட்டும் முன் "உள்ள யாரு?" என்று குரல் கொடுப்பது அவருடைய பேங்க் காலத்துப் பழக்கம். நான் கிண்டல் செய்யாத நாளில்லை. அன்று கேட்டில் நின்றுகொண்டே, "கூப்டுட்டு பூட்டு சார்!" என்று கத்தினார். அவர் வாயை அடைக்கத்தான் கோல்ட் ரூம் கதவருகே நின்று கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரு இருக்கோம் சார்."

உள்ளேயிருந்து நிதானமான குரல். அவசரமே இல்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஸ்டாஃப் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள், எவன் விளையாடுகிறான் என்று உள்ளே போனேன். பேரல்களுக்குப் பின்னால் ஏ.சி. மெக்கானிக் ரவி சுருண்டு கிடந்தான். வேலை முடித்து எப்போதோ போய்விட்டான் என்று நினைத்திருந்தோம். கேஸ் கசிந்திருந்தது. தரதரவென்று இழுத்து வெளியே போட்டேன்.

"இன்னொருத்தன் உள்ள இருக்கான்டா!" என்று கத்திக்கொண்டு மறுபடி ஓடினேன். பேரல் பேரலாகத் தள்ளிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்கே தலை சுற்றியது. அந்தோணிதான் ஓடிவந்து சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

சாயங்காலம் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் ரவி கண் திறந்தான். "உன் கூட யாருடா இருந்தது?" என்றேன்.

"யாரும் இல்ல சார், தனியாத்தான் போனேன். கண்ணு இருட்டிச்சு, அவ்ளோதான். நீங்க கூப்ட்டதே தெரியாது."

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, கோல்ட் ரூமில் கேஸ் அலாரம் வையுங்கள். ஆளைத் தனியாக அனுப்பாதீர்கள். பூட்டும் முன் கூப்பிடுங்கள். பதில் வந்தால், யார் குரல் என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் உள்ளே போங்கள்.

இவ்வளவு சொல்கிற நான் அன்று செய்ததையும் கேளுங்கள். ரவியை ஆம்புலன்ஸில் ஏற்றி, சிலிண்டரை மூடி, கேஸ் போன பிறகு, ஆபீசர்கள் முன்னால் அந்தக் கதவை நான்தான் பூட்டினேன். இரண்டாவது முறை கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.